நூலகத்தின் வாசலும் நூலின் வாசலும்

புதுவை நகரின் பொது நூலகம் 1827ஆம் ஆண்டு மே மாதத்தில் தோற்றுவிக்கப்பட்டது. அப்போது பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் ஆளுநராக விளங்கியவர் தெபசேன் தெ ரிஷ்மோன். 1826 முதல் 1828 வரை மிகக் குறுகிய காலமே அவர் இங்கிருந்தார். எனினும் கல்லூரி, நூலகம் என இந்நகரின் அறிவு வாழ்வுக்கு அவர் இட்ட அடித்தளங்கள் நிலைத்து நின்றன. பின்னாளில், 1966இல், நொபேல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளரும் காந்தியடிகள், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளை எழுதியவருமான ரொமேன் ரொலான் அவர்களின் பிறந்த நூற்றாண்டையொட்டி அந்நூலகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்றாக அது இன்றும் திகழ்கின்றது.

இவ்வளவும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது. ஆனால் இவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடுகின்ற ஒரு செய்தியும் உண்டு. அந்நூலகம் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பத்தாண்டுகள் கழிந்து 1837இல்தான் ஏனையோருக்கும் அதன் கதவு திறந்தது.

நூலகம் தோன்றுவதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1826இல், பாரிஸ் மாநகரில் ஒரு நூல் வெளிவந்தது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவரும் தென்னகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவருமான துபுவா அடிகள், பஞ்சதந்திரக் கதைகளையும் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் பிரெஞ்சு மொழியில் தந்த நூல் அது. ஆகவே தமிழ்க் கதை பாரிசின் நூலடுக்கில் ஏறி அமர்ந்துவிட்டது. அத்தகைய கதைகளைத் தன் பாட்டியின் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த புதுவைச் சிறுவனோ தன் சொந்த ஊர் நூலகத்தின் படியேற இயலவில்லை! கதை உள்ளே, கதைக்குரியவன் வெளியே. இம்முரண் ஓர் ஊருக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரியதன்று. இளையோருக்கான நூல்களைக் குறித்தும் நூலகப் பணியைக் குறித்தும் இன்று சிந்திக்கும் எவரும் இதனை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

நம் பார்வையில் வாசல்கள் மூன்று. இளைஞன் ஒருவன் நூலகத்துக்குள் நுழைய இயலுமா என்பது முதல் வாசல். நுழைந்தபின், அவன் மொழியில், அவன் வயதுக்கும் அவன் உடல்நிலைக்கும் ஏற்ற நூல் அங்கு உண்டா என்பது இரண்டாம் வாசல். அந்நூலைத் திறந்தபின், தன்னையொத்த ஒருவனை, நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரிய பொருளாக அன்றி, முழு மனிதனாக அவன் அதில் காண்கின்றானா என்பது மூன்றாம் வாசல். முதல் வாசல் சட்டத்தால் திறக்கும். இரண்டாவது பொருளாலும் உழைப்பாலும் திறக்கும். மூன்றாவதோ மனமாற்றத்தால் அன்றித் திறவாது.

சுவர் சொல்லும் செய்தி

புதுவை பிரிவுகளின் நகரம். கடலையொட்டி வெள்ளையர் நகர், அதற்கப்பால் கறுப்பர் நகர், இரண்டுக்கும் இடையே வாய்க்கால் என்றுதான் அந்நகரம் வகுக்கப்பட்டது. எனினும் வாய்க்காலுக்கு இப்பாலும் சுவர்கள் இருந்தன. அவற்றை எழுப்பியவர் அயலாரல்லர்.

ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை நாம் அறிவோம். அதில் 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் குறிப்பொன்று நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. புதுவைச் சம்பாக் கோயிலின் உள்ளே, சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் குருவிடம் சென்று முறையிட்டனர். தங்களையும் கிறிஸ்தவராக ஏற்றபின் இந்தப் பிரிவினை ஏன் என்று கேட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவரிடையே எழுந்த சீற்றத்தையும் பிள்ளையவர்கள் எழுதி வைத்துள்ளார். சுவர் விழுந்தமையால் பிரிவினை ஒழிந்துவிடவில்லை. கோயிலிலும் கல்லறையிலும் அது வேறு வேறு வடிவங்களில் நெடுங்காலம் நீடித்தது என்பதைத் தமிழகத் திருச்சபையின் வரலாறு அறிந்த எவரும் மறுக்கவியலாது.

இங்கு நாம் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அம்முறையீட்டை நாம் இன்று அறிவது ஆனந்தரங்கப்பிள்ளையின் எழுதுகோல் வழியாகவே. முறையிட்டவர்களின் சொற்கள் அவர்கள் கையால் எழுதப்படவில்லை. அவர்கள் வீட்டில் அன்று என்ன பேசினர், கோயிலுக்கு உடன் வந்த அவர்களுடைய மக்கள் அச்சுவரைப் பார்த்து என்ன கேட்டனர் என்பவற்றை எந்த நாட்குறிப்பும் நமக்குச் சொல்லாது. வரலாறு அவர்களைக் கண்டது. ஆனால் அவர்கள் கண்ட வரலாறு நமக்குக் கிட்டவில்லை. நூல்களில் 'இடம்பெறுதல்' என்று இன்று பேசப்படும் பொருளின் வேர் இதுவே. ஒருவரைப் பற்றி எழுதப்படுவது வேறு. அவரே எழுதுவது வேறு.

புதுவை மண்ணின் மைந்தர் பிரபஞ்சன் இந்நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டே 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களைப் படைத்தார். பின்னது 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அரசவையின் ஓரத்தில் நின்றவர்களை நடுவே கொண்டுவந்து நிறுத்துவது புனைகதையால் ஆகும் என்பதற்கு அவை சான்று.

ஒரு சீடரும் ஒரு பள்ளிச் சிறுமியும்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். 1913இல் அவர் தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் பூணூல் அணிவித்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. பாரதியின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் அதனைக் குறிப்பிடுவர். பெரும்பாலும் அது பாரதியின் பெருமைக்குச் சான்றாகவே சொல்லப்படும். சொல்பவர் பார்வையில் கவிஞரே நாயகர். அவ்விளைஞர் அவர் அருளைப் பெற்றவர்.

ஆனால் கனகலிங்கம் வாளாவிருக்கவில்லை. தம் ஆசானைப் பற்றித் தாமே 'என் குருநாதர்' என்னும் நூலை எழுதினார். அந்த ஒரு செயலால் அவர் பிறர் கதையின் துணைப்பாத்திரம் என்னும் நிலையிலிருந்து சாட்சி என்னும் நிலைக்கு உயர்ந்தார். பூணூல் அளித்த மதிப்பினும் எழுதுகோல் அளித்த மதிப்பு நிலையானது என்றே நாம் கருதுகிறோம். நம் பள்ளிகளில் முதல் நிகழ்ச்சியைக் கற்பிக்கின்ற ஆசிரியர்கள் இரண்டாவதையும் சேர்த்தே கற்பிப்பின், அக்குலத்து மாணவன் தலைநிமிர்ந்து கேட்பான்.

பாரதியின் வழிவந்த பாரதிதாசன் 1909இல் காரைக்காலையடுத்த நிரவியில் தமிழாசிரியராகப் பணியேற்று, 1946 வரை பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்தவர். இளையோருக்கென்றே 'இளைஞர் இலக்கியம்' என ஒரு தொகுப்பு தந்தவர். பள்ளிக்குச் செல்லத் தயங்கும் மகளைத் தாய் சீவிச் சிங்காரித்து அனுப்பும் அவரது பாடலை அறியாத தமிழ்ப் பள்ளியில்லை. அப்பாடலில் பள்ளிக்குச் செல்பவள் பெண் என்பதே அக்காலத்தில் ஒரு புரட்சி. கதையிலும் பாட்டிலும் படிக்கப்போகின்றவன் பையன், அடுப்படியில் இருப்பவள் பெண் என்று வகுத்திருந்த ஏட்டில், அவர் ஒரு சிறுமியின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்.

இதற்கு முன்னோடிகளும் உண்டு. 1844இல் துப்புய் அடிகளார் புதுவையில் தொடங்கிய துறவியர் சபையில் சேர்ந்த தமிழ்ப் பெண்கள், தமிழ்ச் சிறுமியருக்கு எழுத்தறிவித்தனர். நம் சமயத்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869இல் 'பெண்மதி மாலை'யை வெளியிட்டார். 1879இல் வெளிவந்த அவரது 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதில் ஞானாம்பாள் ஆணுடை தரித்து நாடாள்கின்றாள். கணவனினும் மதிநுட்பம் மிக்கவளாக விளங்குகின்றாள். ஆயினும் அவள் ஆள்வதற்கு ஆணுடை தேவைப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கடல் கடந்த ஒரு கேள்வி

1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமியொருத்தி, இவற்றில் வரும் குழந்தைகள் எப்போதும் வெள்ளையராகவே இருப்பது ஏன் என்று கேட்டதிலிருந்து அக்கட்டுரை தொடங்குகிறது. லாரிக் மூன்றாண்டுக் காலத்தில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். அவற்றுள் கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை! இல்லாமை தற்செயலானதன்று என்பதை எண்கள் எடுத்துக்காட்டின.

இரண்டாண்டுகள் கழித்து, 1967இல், எஸ்.இ. ஹிண்டன் என்பவரின் நாவலொன்று அங்கு வெளிவந்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் எழுதிய கதை அது; ஏழைக் குடும்பத்து விடலைப் பையன்களின் உலகைச் சொன்னது. குழந்தைகளுக்குமன்றிப் பெரியவர்களுக்குமன்றி இடைப்பட்ட பருவத்தினருக்கென ஓர் இலக்கியம் வேண்டும் என்பதை அந்நூல் வலுவாக உணர்த்திற்று. எழுதியவர் பெண் என்றறிந்தால் பையன்கள் படிக்கமாட்டார்கள் என்றஞ்சிய பதிப்பகம், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் அச்சிடச் செய்தது. அங்கும் ஞானாம்பாளுக்கு ஆணுடைதான்!

1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் கறுப்பினப் பேராசிரியர் இச்சிந்தனைக்கு ஓர் உருவகத்தைத் தந்தார். நூல் சிலருக்குச் சாளரம். பிறர் வாழ்வை அதன்வழி காண்கின்றனர். சிலருக்கு அது கண்ணாடி. தம்மையே அதில் காண்கின்றனர். எல்லா நூல்களிலும் சாளரத்தை மட்டுமே கண்டு, கண்ணாடியை ஒருபோதும் காணாத குழந்தை, தான் காணத் தகாதவன் என்று கற்றுக்கொள்கின்றது. எல்லா நூல்களிலும் கண்ணாடியை மட்டுமே காணும் குழந்தையோ, உலகம் தன்னைப் போன்றதே என்று மயங்கிவிடுகின்றது. இழப்பு இருவர்க்கும் உண்டு.

இவ்வுண்மை நமக்குப் புதியதன்று. விதைப்பவன், வலை வீசுபவர், மாவு பிசையும் பெண், காணாமற்போன காசைத் தேடுகின்றவள் என இயேசு சொன்ன உவமைகளில் கேட்டோர் தம் வீட்டையும் தம் வயலையுமே கண்டனர். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனாக, கேட்டோர் இகழ்ந்து ஒதுக்கிய சமாரியனை அவர் நிறுத்தியபோது, அதே கதை சாளரமாகவும் மாறிற்று.

தமிழில் சிறுவர் ஏடுகள்

தமிழ்ச் சிறுவர் இலக்கியம் வறியதன்று. 1947 ஜூலையில் அம்புலிமாமா தொடங்கிற்று. அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா, பூவண்ணன் முதலியோர் தலைமுறைகளை வளர்த்தனர். பெரியசாமித் தூரனின் முயற்சியால் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக மலர்ந்தது. இவர்கள் செய்தது அருந்தொண்டு. எனினும் அந்நாளைய ஏடுகளில் வரும் வீடு பெரும்பாலும் ஓரளவு வசதியுள்ள வீடு. அப்பா அலுவலகம் செல்பவர். பேச்சு நகரத்து நடுத்தர வகுப்பின் பேச்சு. அரசகுமாரனுக்கும் மந்திரவாதிக்கும் கிடைத்த இடம், வைத்திக்குப்பத்திலோ வீராம்பட்டினத்திலோ வலை உலர்த்தும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததில்லை. கிடைத்தபோதும், நல்ல மனமுடைய பணக்காரப் பையன் உதவுவதற்கென்றே அவன் கதைக்குள் கொண்டுவரப்பட்டான்.

மாற்றம் மெல்ல வந்தது. சாகித்திய அகாதெமி 2010இல் சிறுவர் இலக்கியத்துக்கெனப் பால சாகித்திய புரஸ்கார் விருதைத் தொடங்கியபோது, தமிழில் முதல் விருதைப் பெற்றது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. அந்தோணி என்னும் பெயர் ஒரு சிறுவர் நூலின் அட்டையில் எவ்வித விளக்கமுமின்றி இயல்பாக நின்றது. அப்பெயரையே தாங்கிய எத்தனையோ பிள்ளைகள் நம் பங்குகளில் உள்ளனர்! அடுத்த ஆண்டில் அவ்விருதைப் பெற்றவர் நம் புதுவையில் வாழ்ந்த ம.இலெ. தங்கப்பா, நூல் 'சோளக்கொல்லைப் பொம்மை'. 2017இல் புதுவையைக் களமாகக் கொண்டு சிறுவர் நாடகத்தில் ஈடுபட்டுவரும் வேலு சரவணன் அவ்விருதைப் பெற்றார். பெரிய நகரங்களுக்கு வெளியே எழுந்த குரல்கள் இவ்வாறு அவையேறின.

இங்கு கி. ராஜநாராயணன் அவர்களையும் நினைவுகூர வேண்டும். கரிசல் நிலத்தில் பிறந்த அவர் புதுவைக்கு வந்து பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் பணியாற்றி, 2021இல் இவ்வூரிலேயே மறைந்தார். பள்ளியறியா மாந்தர் வாயில் வழங்கிய கதைகளை, அவர்கள் பேசும் மொழியிலேயே ஏட்டில் ஏற்றினார். செந்தமிழே ஏட்டுத் தமிழ் என்றிருந்த நிலையில், பாட்டியின் பேச்சும் அச்சேறத் தக்கதே என்று அவர் நிறுவியது, மொழியளவில் ஒரு சுவரை இடித்ததற்கு ஒப்பாகும்.

பதினான்கு வயதின் வெற்றிடம்

எனினும் குறை ஒன்று நீடிக்கின்றது. நம் நூலகங்களில் சிறுவர் பகுதி உண்டு; பெரியவர் பகுதி உண்டு. பதின்மூன்று முதல் பதினெட்டு வரையான வயதினருக்கு எப்பகுதி? பேசும் கிளியின் கதை அவனுக்குச் சலித்துவிட்டது; கனத்த நாவல் இன்னும் கைக்கு எட்டவில்லை. அவனுக்கு நாம் கொடுப்பது போட்டித் தேர்வு வழிகாட்டி. படிப்பு என்பது பிழைப்புக்கான ஏணி என்று மட்டும் அவன் கற்கின்றான். தன்னைத் தான் அறிந்துகொள்ளும் விளக்கு என்று அவன் அறிவதேயில்லை. ஆள்வதற்கும் அழுவதற்கும் இடையே தவிக்கும் அப்பருவத்தில்தான், நான் யார் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு நூல் விடை தராவிடின், திரைப்படமும் சாதிச் சுவரொட்டியும் விடை தரும்.

இப்பருவத்தினருக்கென்று எழுதப்படாவிடினும், அவர்கள் கைக்குச் சேரவேண்டிய தமிழ் நூல்கள் உள்ளன. 1992இல் பாமா எழுதிய 'கருக்கு' வெளிவந்தது. தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்து, துறவு மடம் புகுந்து, அதனை விட்டு வெளியேறிய ஒருவரின் தன்வரலாறு அது. பனங்கருக்கு இருபுறமும் அறுக்கும். இந்நூலும் ஊரை அறுத்தது, திருச்சபையையும் அறுத்தது. நம்மவருட் சிலர் மனம் வருந்தினர். ஆனால் 1745இல் பெயரின்றி முறையிட்டவர்களின் வழித்தோன்றல், இம்முறை தன் பெயரில், தன் பேச்சுமொழியில், தன் கையாலேயே எழுதினார் என்பதை எண்ணிப் பார்ப்போமாயின், வருத்தத்தினும் நன்றியே மேலோங்கவேண்டும்.

ஜோ டி குரூஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' வழியாகக் கடலோரக் கத்தோலிக்கப் பரதவரின் வாழ்வைத் தமிழுக்குத் தந்தார். அவரது 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 2012இல் யுவ புரஸ்கார் விருதைப் பெற்ற மலர்வதியின் 'தூப்புக்காரி' துப்புரவுத் தொழிலாளர் வாழ்வைச் சொல்வது. 2007இல் 'நான் வித்யா' திருநங்கை ஒருவரின் தன்வரலாறாக வந்தது. ஆண்டுதோறும் கூத்தாண்டவர் விழாவுக்குத் திருநங்கையர் திரளும் கூவாகம் நம் புதுவைக்கு அண்மையிலேயே உள்ளது. எனினும் அவர்கள் வாழ்வு நமக்கு வெகுதொலைவில் இருந்தது. அத்தொலைவை ஒரு நூல் குறைத்தது.

இத்தகைய நூல்கள் எளிதில் நிலைபெறுவதில்லை. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை நீக்கிற்று. எழுத்தாளரும் ஆசிரியரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாடநூல் தரும் இடம் ஒரு குழுவின் முடிவால் ஒரே நாளில் பறிபோகக்கூடியது. புதுவை அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டு முதல் மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கியுள்ளன. நாடு முழுமைக்குமான பாடநூலில் குப்பத்து மாணவன் தன் ஊரைக் காண்பது அரிது. அவன் தெருவின் கதையை அவனுக்குச் சொல்லும் பொறுப்பு இனி நூலகத்தின் தோள்மீதே மிகுதியாக ஏறுகின்றது.

நூலகரின் அறம்

காரைக்காலுக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லாத சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகமே ஏற்றது. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிட்டவேண்டும் என்பன அவற்றின் நடுநாயகமானவை. அவரது உழைப்பின் பயனாகவே 1948இல் சென்னை மாநிலப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. யுனெஸ்கோ நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டுப் பொது நூலக அறிக்கையும், வயது, இனம், பால், சமயம், மொழி, சமூகநிலை ஆகிய வேறுபாடின்றி அனைவருக்கும் பணிசெய்வதே பொது நூலகத்தின் கடன் என்று வலியுறுத்துகின்றது.

'அனைவருக்கும்' என்ற சொல்லைச் சொல்வது எளிது. புதுவை ஒன்றியப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். புதுவையும் காரைக்காலும் தமிழ், மாகே மலையாளம், ஏனாம் தெலுங்கு, இவற்றோடு பிரெஞ்சும் ஆங்கிலமும். இத்தனை மொழிகளிலும் இளையோர் நூல் வாங்கவேண்டுமெனில், வாங்குபவர் இவற்றை அறிந்திருக்கவேண்டும். தமிழகத்தில் பதிப்பகங்கள் பலவும் அரசின் நூலக ஆணையை நம்பியே நூல் அச்சிடுகின்றன. எனவே நூலகத்துக்கு எதனைத் தெரிந்தெடுக்கின்றோம் என்பது, எது எழுதப்படும் என்பதையும் ஓரளவு முடிவுசெய்கின்றது. தெரிவுக்குழுவில் யார் அமர்கின்றார், எவர் குரல் அங்கே ஒலிக்கின்றது என்பவை சிறு வினாக்களல்ல.

பார்வையற்ற இளையோர் நிலை இன்னும் கடினமானது. புதுவையில் நூலகம் தோன்றிய அதே காலத்தில் பாரிசில் லூயி பிரெய்ல் என்னும் பார்வையற்ற இளைஞர் விரல்களால் படிக்கும் எழுத்து முறையைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். பதினைந்து வயதிலேயே அதன் அடிப்படையை அமைத்துவிட்ட அவர், 1829இல் அதனை வெளியிட்டார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் வந்தது. அச்சைப் படிக்கவியலாதோருக்கு நூல்களை உரியவடிவில் மாற்றித்தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாகியது; 2014 ஜூனில் அதனை முதன்முதலாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. சட்டத்தின் கதவு திறந்தே இருக்கின்றது. ஆனால் 'கருக்கு' போன்ற ஒரு நூலைப் பார்வையற்ற மாணவி தன் ஊர் நூலகத்தில் கேட்டால், விரலால் தொட்டோ செவியால் கேட்டோ படிக்கும் வடிவில் அது அவளுக்குக் கிட்டவேண்டும். கிட்டாதவரை அவளுக்கு அந்நூலகம் 1837க்கு முற்பட்டதே.

சில தயக்கங்கள்

இவ்விடத்தில் நியாயமான தயக்கங்கள் சில எழும். முதலாவது, எல்லோரையும் கணக்குப் பார்த்து இடம்பெறச் செய்தால் அது இலக்கியமாகுமா, பட்டியலாகுமா என்பது. பட்டியலுக்காக எழுதப்படும் கதை உயிரற்றது என்பதை ஏற்கிறோம். ஒரு குலத்துக்கு ஒருவர், ஒரு சமயத்துக்கு ஒருவர் என்று நிறுத்திவைத்த கதையில் எவரும் உண்மையில் வாழ்வதில்லை. கணக்கெடுப்பது நூலகத்தின் அடுக்குக்கு உரியது. எழுத்தாளரின் மேசைக்கு உரியதன்று. லாரிக் எண்ணியது ஆயிரக்கணக்கான நூல்களை. ஒரு நூலை அன்று.

இரண்டாவது, கொடுமைகளை இளையோருக்குச் சொல்லலாமா என்பது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள்மீது நிகழும் பாலியல் வன்முறையைக் குறித்துக் குழந்தைகளுக்கே சொல்லும் நூல். அத்தகைய பொருளைக் கண்டு பெற்றோர் சிலர் முகஞ்சுளிப்பர். ஆனால் தீமை குழந்தையின் வாயிலில் வயது கேட்டு நிற்பதில்லை. அதனைக் குறிக்கும் சொல்லை அறியாத குழந்தை, அதனைப் பிறரிடம் சொல்லவும் அறியாது. சொல்லை அளிப்பது கதையின் கடமை. எவ்வாறு அளிப்பது என்பதில்தான் எழுத்தாளரின் பொறுப்பும் நூலகரின் மதிநுட்பமும் வேண்டப்படுகின்றன.

மூன்றாவது, தன்னைப்போன்றவரை மட்டுமே நாடும் வாசகன் குறுகிப்போகமாட்டானா என்பது. கண்ணாடி மட்டுமே உள்ள அறையில் எவரும் வாழ இயலாது, மெய்யே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பிறரைக் கண்டு வியக்கவும் அவர்க்காக வருந்தவும், முதலில் தான் ஒரு மனிதன் என்ற உறுதி வேண்டும். அவ்வுறுதி பெற்ற பிள்ளையே பயமின்றிச் சாளரத்தைத் திறப்பான்.

செய்யத்தக்கவை

பெருந்திட்டங்களுக்காகக் காத்திராமல் நம்மால் ஆவன சில உள்ளன. பங்கு நூலகமோ பள்ளி நூலகமோ, இளையோருக்கென ஒரு தனி அடுக்கை ஒதுக்கலாம். அவ்வடுக்கிலுள்ள நூல்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்: எத்தனை நூல்களில் பெண் நடுவில் நிற்கின்றாள்? எத்தனையில் மீனவர், துப்புரவாளர், மாற்றுத்திறனாளி பேசுகின்றார்? எத்தனையில் இசுலாமியப் பிள்ளை அண்டை வீட்டுத் தோழனாக வருகின்றான்? நூல் வாங்கும் குழுவில் பதினாறு வயதினர் இருவரை அமர்த்தலாம். குப்பத்துப் பெரியோரின் கதைகளை அவர்கள் பேரப்பிள்ளைகளே எழுதித் தொகுக்கத் தூண்டலாம். கி.ரா. செய்ததை ஒவ்வொரு தெருவும் தனக்கெனச் செய்துகொள்ள இயலும். நூலகத்துக்கு வர இயலாதவரிடம் நூலைக் கொண்டுசெல்லலாம்.

1745இல் ஒரு சுவர் இடிந்தது, கேட்டவர் இருந்ததனால். 1837இல் ஒரு கதவு திறந்தது. ஆனால் அதனுள் தமிழ்ப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய நூல் கிட்ட ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. மூன்றாம் வாசலைத் திறக்க இன்னுமொரு தலைமுறையைக் காக்கவைப்பது தகாது. அடுக்கின்முன் நின்று, தன் பெயரொத்த ஒரு பெயரை முதன்முதலாக நூலின் அட்டையில் கண்டு, அதனை மெல்ல உருவியெடுக்கும் இளைய கை எந்தத் தெருவிலிருந்து வந்ததாயினும், அதற்கு அந்நூல் அங்கே இருக்கவேண்டும். அதனை அங்கே வைப்பது நம் கடன்.